மெஷ் தரத்தைச் சீராக்கும் மென்பொருள் அவசியமா? தாமிரபரணி வெள்ள மாடல் நகர மாட்டேன் என்கிறது

பாளை ஆய்வு மாணவி

எல்லோருக்கும் வணக்கம். சிவில் முடித்துவிட்டு இப்போது நீரியலில் ஆய்வு செய்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கணினியில் மறுபடியும் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன அந்த நாள்கள்தான். மருதூர் அணைக்கட்டில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகப் புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை ஆறும், இரண்டு பக்கத்து வயல், வாழை, குளங்களும் மாடலில் இருக்கின்றன.

டெலிமாக் என்ற நீரோட்டக் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். நிலத்தை வலைபோலச் சிறு முக்கோணங்களாகப் பிரித்ததுதான் மெஷ், அதில் மொத்தம் 3 லட்சம் முக்கோணங்கள். ஆற்றுக்குள் ஒவ்வொரு பக்கமும் 20 மீட்டர் அளவு, வயல்வெளியில் 60 மீட்டர். டைம் ஸ்டெப்பை, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் முன்னே நகர்கிறது என்பதை, சால்வரே (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) பார்த்து எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறேன். அது 0.02 வினாடிக்கு இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் வெள்ளத்தை ஓட்ட வேண்டும். என் லேப்டாப் இரண்டு நாள் இரவும் பகலும் ஓடியும் வெள்ளத்தின் முதல் 8 மணி நேரம்தான் முடிந்திருக்கிறது. நடுவில் ஒருமுறை கரண்டு வேறு போனது.

ஆய்வகத்தில் ஒருவர், "மெஷ்ஷின் தரத்தைச் சீர்செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன, அதில் ஒருமுறை போட்டு எடு" என்றார். அதனால் உண்மையிலேயே பயன் உண்டா? இல்லை, படம் அழகாகத் தெரிவதற்கு மட்டும்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் மெக்கானிக்கல்

டைம் ஸ்டெப் சின்னதாக இருந்தால் விடை துல்லியமாகத்தானே வரும்? என் யோசனை, மெஷ்ஷை இன்னும் நெருக்கமாக்கிப் பாருங்கள். எலிமென்ட் (மெஷ்ஷின் ஒவ்வொரு துண்டு) கூடக்கூட விடை மேம்படும் என்றுதான் எங்களுக்குக் கல்லூரியில் சொன்னார்கள்.

வி.கே.புரம் பழையவர்

தங்கச்சி, முதலில் நெருக்கமாக்காதே. தம்பி சொன்னது பாடத்தில் உள்ளதுதான், தப்பில்லை. ஆனால் அந்தப் பாடம் எல்லா எலிமென்ட்டும் நல்ல வடிவத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுகிறது. கோணலான ஒரு முக்கோணத்தை நான்காகப் பிரித்தால், அதே கோணலோடு நான்கு குட்டி முக்கோணங்கள் வரும். உயரம் பாதியாகும், டைம் ஸ்டெப்பும் பாதியாகும். 0.02 இருந்த இடத்தில் 0.01 ஆகும். எலிமென்ட் எண்ணிக்கை நான்கு மடங்கு, ஸ்டெப் எண்ணிக்கை இரண்டு மடங்கு. உன் லேப்டாப்புக்கு எட்டு மடங்கு வேலை, பழைய வியாதி அப்படியே இருக்கும்.

நான் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன். பெரும்பாலும் இரும்பு, வார்ப்பு, அழுத்தக் கலன் என்று திடப்பொருள் பக்கம். ஆனால் மெஷ்ஷின் குணம் எங்கும் ஒன்றுதான். உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

ஆற்றில் 5 மீட்டர் ஆழம் என்று வை. அந்த ஆழத்தில் அலை ஓடும் வேகம் வினாடிக்கு 7 மீட்டர். தண்ணீர் 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் செய்தி பரவும் வேகம் மொத்தம் 10 மீட்டர். ஒரே ஸ்டெப்பில் செய்தி ஒரு எலிமென்ட்டைத் தாண்டிவிடக் கூடாது. 1928-ல் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் வகுத்த நிபந்தனை அது. இருபது மீட்டர் குறுக்களவு என்றால் ஸ்டெப் 2 வினாடி வரை போகலாம். மூன்று நாள் என்பது 2,59,200 வினாடி. அப்படியானால் 1,29,600 ஸ்டெப் போதும்.

உனக்கு 0.02 வருகிறது. அப்படியென்றால் எங்கோ ஒரு முக்கோணத்தின் உயரம் 20 செ.மீ. தான் இருக்கிறது. அந்த ஒன்றுக்காக ஒரு கோடியே 29 லட்சத்துக்கும் மேல் ஸ்டெப் போட வேண்டும், அதுவும் மூன்று லட்சம் முக்கோணங்களுக்கும். கையில் ஏறிய சிலாம்பு சிறியதுதான், ஆனால் அது இருக்கும் வரை கையை எதற்கும் பயன்படுத்த முடியாது. இப்படிப்பட்டதை நான் சிலாம்பு முக்கோணம் என்றுதான் சொல்வேன்.

இது வேகம் பற்றிய கதை. துல்லியம் பற்றிய கதை இதைவிட மோசம். அடிப்பக்கம் 40 மீட்டர், உயரம் 20 செ.மீ. உள்ள முக்கோணம் ஒன்றைத் தாளில் வரைந்து பார். இரண்டு ஓரத்துக் கோணமும் அரை டிகிரி சொச்சம், நடுக்கோணம் ஏறக்குறைய 179. இப்போது இரண்டு ஓரத்திலும் நீர்மட்டம் 10.00 மீட்டர் என்றும், நடுமுனையில் 10.02 என்றும் சால்வருக்கு வருகிறது என்று வை. இரண்டு செ.மீ. வித்தியாசம். எந்தக் கணக்கிலும் வரக்கூடியதுதான். ஆனால் முக்கோணத்துக்குள் சரிவு என்ன? இரண்டு செ.மீ.யை இருபது செ.மீ.யால் வகு. பத்துக்கு ஒன்று! ஒரு மீட்டர் போனால் 10 செ.மீ. இறங்கும் தண்ணீர். பாபநாசம் மேலணைப் பக்கம் வேண்டுமானால் அப்படிப் பாயும். ஏரல் பக்கத்தில் ஆறு அப்படியா சாய்கிறது? சால்வர் அந்தச் சரிவை நம்பித்தான் வேகத்தைக் கணக்கிடும். அப்புறம் ஒரே ஒரு இடத்தில் வினாடிக்கு 15 மீட்டர் வேகம் என்று அம்புக்குறி நிற்கும். பார்த்திருப்பாய்.

1976-ல் பாபுஷ்கா, அஜீஸ் இருவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் நிறுவியது. சரிவின் பிழையைக் கட்டுமீறச் செய்வது 180 டிகிரியை நெருங்கும் பெரிய கோணம். சிறிய கோணம் மட்டும் இருந்து, பெரிய கோணம் இல்லையென்றால் அந்தப் பிழை அடங்கித்தான் இருக்கும். ஆனால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பாகத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறையில் கணக்கிடும்போது சிறிய கோணமும் தொல்லைதான். மேட்ரிக்ஸின் நிலை கெட்டு, தீர்வு காண ஆகும் சுற்றுகள் கூடும்.

ஆகவே பயன் உண்டா என்று கேட்டால், உண்டு. முதல் வேலையாக மெஷ்ஷைப் பாராவியூ என்ற காட்சி மென்பொருளில் திற. அதில் மெஷ் குவாலிட்டி என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. உள்ளே ஓடுவது சாண்டியா தேசிய ஆய்வகத்தின் வெர்டிக்ட் நூலகம். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு மதிப்பெண் போடும். சராசரியைப் பார்க்காதே. மிக மோசமான ஐம்பது எங்கே கிடக்கின்றன என்று மட்டும் பார்த்துச் சொல்.

பாளை ஆய்வு மாணவி

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பரப்பை மூன்று பக்கங்களின் வர்க்கக் கூடுதலோடு ஒப்பிடும் அளவை எடுத்துக்கொண்டேன். சமபக்க முக்கோணத்துக்கு 1, தட்டையாகிப்போனால் 0.

சராசரி 0.93. இதைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் மெஷ் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 0.1-க்குக் கீழே 46 முக்கோணங்கள் இருக்கின்றன. மிக மோசமானதன் மதிப்பு 0.0115. உங்கள் தாளில் வரைந்த முக்கோணத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதே 0.0115 வருகிறது!

46-ல் 41 ஒரே இடத்தில் கிடக்கின்றன, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வடகால் பிரியும் மதகை ஒட்டி. பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே கால்வாயின் கரைக்கோட்டைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நான் ஒருமுறை வரைந்திருக்கிறேன். பழைய சர்வே வரைபடத்திலிருந்து எடுத்த கரைக்கோடும் இருக்கிறது. ஒரே கரை, இரண்டு கோடுகள். இடைவெளி 20 செ.மீ. அந்தச் சந்துக்குள் மெஷ் போடும் மென்பொருள் முக்கோணங்களைத் திணித்திருக்கிறது.

இதை ஸ்மூத்திங் போட்டால் சரியாகிவிடுமா?

வி.கே.புரம் பழையவர்

ஆகாது. இதைத்தான் நிறையப் பேர் தெரியாமல் போய், மென்பொருளைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

ஸ்மூத்திங் என்பது புள்ளியை நகர்த்துவது. எளிய லாப்லாசியன் முறை, ஒரு புள்ளியை அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் நடுவே கொண்டுபோய் வைக்கும். உன் 41 முக்கோணங்களின் எல்லா முனைகளும் இரண்டு கரைக்கோடுகளின் மேல் இருக்கின்றன. கோட்டின் மேல் உள்ள புள்ளி நகரக் கூடாது என்று நீயே பூட்டியிருப்பாய். நகர்த்த எதுவும் இல்லாத இடத்தில் எந்த மென்பொருளும் ஒன்றும் செய்ய முடியாது. அது மெஷ்ஷின் பிழை இல்லை, வரைபடத்தின் பிழை. இரண்டு கோடுகளில் ஒன்றை அழி. சர்வே கோட்டை வைத்துக்கொள், அதில்தான் உயரம் இருக்கிறது.

அழித்துவிட்டு மெஷ்ஷை மறுபடி போடு. மீதி இருக்கும் சில்லறைக் கோணல்களுக்குத்தான் மென்பொருளின் கைவேலை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, புள்ளிகள் இருந்த இடத்தில் இருக்க, இணைப்பை மாற்றுவது. பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் இரண்டும் சேர்ந்தால் ஒரு நாற்கரம். அதன் மூலைவிட்டத்தை இந்தப் பக்கம் போட்டால் கோணல், அந்தப் பக்கம் மாற்றிப் போட்டால் நேர். இன்னொன்று, இணைப்பு இருந்தபடி இருக்க, புள்ளியை நகர்த்துவது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாக வரும். முப்பரிமாணத்தில் இது இன்னும் முக்கியம்.

லாப்லாசியனை மட்டும் நம்பாதே. ஆறு வளைந்து உள்வாங்கும் இடத்தில் அது புள்ளியைக் கரைக்கு வெளியே தள்ளிவிடும். முக்கோணம் புரண்டுவிடும், பரப்பு மைனஸில் வரும், சால்வர் அங்கேயே நின்றுவிடும். நல்ல மென்பொருள், நகர்த்திய பிறகு மதிப்பெண் கூடியதா என்று பார்த்து, கூடவில்லை என்றால் பழைய இடத்திலேயே விட்டுவிடும். அதற்கும் மேலான வகை, சுற்றியுள்ள முக்கோணங்களில் மிக மோசமானது எவ்வளவு மேலே வரும் என்பதையே இலக்காக வைத்துப் புள்ளியின் இடத்தைத் தேடும். அதற்கு நேரம் கூடுதலாக ஆகும். ஆனால் சில நிமிடம் செலவழித்துப் பல நாளை மிச்சம் பிடிக்கிறாய்.

சாண்டியாவிலிருந்தே வந்த மெஸ்கீட் என்ற நூலகம் இந்த இரண்டாம் வகைக்கென்றே எழுதப்பட்டது. புள்ளியை நகர்த்தும், இணைப்பைத் தொடாது. சி பிளஸ் பிளஸ் தெரிந்தவர்கள் தங்கள் நிரலோடு கோத்துக்கொள்ளலாம். உனக்கு இப்போதைக்கு அது வேண்டாம். பெல்ஜியத்தில் உருவான ஜிமெஷ் போதும். இணைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றால் பிரான்சின் எம்எம்ஜி இருக்கிறது. மூன்றுமே இலவசம், மூலநிரலும் திறந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த வசதி லைசன்ஸ் வாங்கிய பெரிய நிறுவனத்துக்குள் மட்டும்தான் இருந்தது. வெளியே வந்தால் தொட முடியாது.

வள்ளியூர் காற்றாலை

நானும் ஒரு அனுபவம் சொல்கிறேன். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வைக்கும் இடங்களுக்குக் காற்றோட்டக் கணக்கு போடுவது என் வேலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மலைச்சரிவைத் தாண்டி எப்படி இறங்குகிறது என்பதை ஓபன்ஃபோம் என்ற மென்பொருளில் ஓட்டிப் பார்ப்போம்.

அங்கே மெஷ் போட்டதும் முதலில் செக்மெஷ் என்று ஒரு கட்டளை கொடுப்போம். பக்கத்துப் பக்கத்து செல்களின் (முப்பரிமாணத் துண்டுகளின்) மையங்களை இணைக்கும் கோடும், அவற்றுக்கு இடையே உள்ள முகத்தின் செங்குத்தும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும். 70 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை தரும். ஸ்கியூனஸ் என்ற கோணல் அளவு 4-ஐத் தாண்டினாலும் சொல்லும். மலை செங்குத்தாக ஏறும் இடங்களில் இந்த எண்ணெல்லாம் எகிறும். அப்படியே ஓட்டினால் அழுத்தம் கன்வர்ஜ் ஆகாமல், அதாவது ஒரு விடையில் நிலைக்காமல், மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். திருத்தச் சுற்றுகளைக் கூட்டி ஒப்பேற்றலாம், ஆனால் ஒவ்வொரு சுற்றும் நேரத்தைத் தின்னும். மெஷ்ஷைச் சீராக்கிய பிறகு அந்தச் சுற்றுகளைக் குறைத்துவிடலாம். எங்களுக்குக் கிடைத்த நேரடிப் பயன் அதுதான்.

இப்போது நான் பட்ட அடியைச் சொல்கிறேன். தரை ஓரத்தில் காற்றின் வேகம் உயரத்தோடு சட்டென்று மாறும். அதைப் பிடிக்க, தரையை ஒட்டி 1 மீட்டர் உயரமும் 30 மீட்டர் அகலமுமாகச் சப்பையான செல்களை வேண்டுமென்றே அடுக்கியிருந்தேன். தோசை அடுக்கியது போல இருக்கும். சீராக்கும் மென்பொருளில் மொத்த மெஷ்ஷையும் கொடுத்தேன். அதன் கண்ணுக்கு இவை எல்லாம் கோணல். சமமாக்குகிறேன் என்று தரையோர அடுக்குகளை எல்லாம் உப்பவைத்துவிட்டது. மதிப்பெண் பிரமாதம், தரையோரக் காற்று மொத்தமாகப் போச்சு. காற்றாலையின் மையம் இருக்கும் உயரத்தில் வேகம் மாறி வந்தது. நல்ல வேளையாகப் பக்கத்திலேயே அளவுக்கம்பத்தின் தரவு இருந்ததால் கண்டுபிடித்தேன். இல்லையென்றால் அந்த எண்ணை நம்பித்தான் இயந்திரத்துக்கு இடம் குறித்திருப்பார்கள்.

அதனால், எது நல்ல வடிவம் என்பதை மென்பொருள் முடிவு செய்யும்படி விடாதீர்கள். காற்று ஓடும் திசையில் நீண்டு, அதற்குக் குறுக்கே மெலிந்த செல் நல்ல செல்தான். பாட்ரிக் நப் என்ற கணித வல்லுநர் முன்வைத்த இலக்கு அணி முறை இதற்கு ஒரு நல்ல வழி. இந்த இடத்தில் எலிமென்ட் இந்த வடிவத்தில், இந்த அளவில், இந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று நாமே இலக்கைக் கொடுத்துவிடலாம். மென்பொருள் அந்த இலக்கை நோக்கித் திருத்தும். அந்த வசதி இல்லாத கருவி என்றால், ஓர அடுக்குகளைப் பூட்டிவிட்டு மற்றதை மட்டும் கொடுங்கள்.

மேலப்பாளையம் மெக்கானிக்கல்

பழையவர் அண்ணாச்சிக்கு நன்றி. நான்காகப் பிரித்தால் அதே கோணல் வரும் என்பது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. நேற்று ராத்திரி தாளில் வரைந்து பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ஒரு சந்தேகம். எங்கள் கம்பெனியில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் இருக்கிறது. மெஷ் பட்டனை அழுத்தினால் தானாகவே சீராக்கித்தான் கொடுக்கிறது. அப்புறம் தனியாக இதையெல்லாம் படிக்க வேண்டுமா?

வள்ளியூர் காற்றாலை

தம்பி, அந்த பட்டனுக்குள்ளும் இதே முறைகள்தான் இருக்கின்றன. பெரும்பாலான நாள்கள் பட்டன் போதும். போதாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு எந்த அளவை வைத்து அது "நல்லது" என்று சொல்கிறது, எதைப் பூட்டியது, எதை நகர்த்தியது என்று தெரியாமல் நின்றால், உங்கள் பெயரில் போகும் ரிப்போர்ட்டுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பேற்பீர்கள்?

டவுன் கல்தச்சர் பேரன்

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் பார்த்து வளர்ந்தவன். ஒரே கல்லில் சிறு தூண்களாகச் செதுக்கி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தருகிறது என்பது சிறுவயதிலிருந்தே எனக்கு ஆச்சரியம். அந்தத் தூண்களைத் தட்டிப் பார்க்க நான் விரும்பவில்லை. தாத்தாவின் பட்டறையில் கிடந்த ஒரு கருங்கல் தூணை அளந்து, கணினியில் மெஷ் போட்டு அதன் இயல் அதிர்வெண்ணை (தட்டினால் தானாக அதிரும் அதிர்வெண்) கணக்கிட்டேன். பிறகு அதே தூணைத் தட்டி மொபைலில் ஒலியைப் பதிவுசெய்து ஒப்பிட்டேன்.

கணக்கில் வந்த அதிர்வெண் தொடர்ந்து கூடுதலாகவே இருந்தது. நானும் மெஷ் தரம்தான் காரணம் என்று நினைத்து நாள்கணக்காகச் சீராக்கினேன். மிக மோசமான எலிமென்ட்டின் மதிப்பெண்கூட 0.5-க்கு மேலே வந்துவிட்டது. அதிர்வெண் கொஞ்சம்தான் இறங்கியது. கடைசியில் பார்த்தால் நான் பயன்படுத்தியது நான்கு முனை நான்முகி. வளைவை அது ஒழுங்காகக் காட்டாது, இருப்பதைவிட விறைப்பாகவே நடந்துகொள்ளும். பக்கங்களின் நடுவிலும் முனை உள்ள பத்து முனை நான்முகிக்கு மாற்றியதும் ஒலிப்பதிவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

மாற்றிய பிறகுதான் சீராக்கும் மென்பொருள் உண்மையாகவே கைகொடுத்தது. தூணின் வளைந்த மேற்பரப்பில் நடுமுனைகள் ஒட்டும்போது சில எலிமென்ட்கள் உள்ளுக்குள்ளேயே மடங்கி, ஜகோபியன் (எலிமென்ட் உள்ளே புரண்டுவிட்டதா என்று காட்டும் எண்) மைனஸ் ஆகிவிட்டன. மூலைமுனைகளை மட்டும் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஜிமெஷ்ஷில் இப்படி நடுமுனை உள்ள உயர்வரிசை எலிமென்ட்களுக்கென்று தனியாக ஒரு திருத்தும் வசதி உண்டு. அதைப் போட்டதும் அவை நிமிர்ந்தன. கல்லின் வேலையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தாத்தா உளியைத் தீட்டும் முன்னால், எடுத்தது சரியான உளிதானா என்று பார்ப்பார். எலிமென்ட் வகையும் அப்படித்தான். அதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் தரத்துக்கு வாருங்கள்.

வி.கே.புரம் பழையவர்

தம்பி, அருமையாகச் சொன்னாய். பட்டறைத் தூணை அளந்து, தட்டி, ஒப்பிட்டுப் பார்த்தாயே, அந்தப் பழக்கத்தை விடாதே.

பாளை ஆய்வு மாணவி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் இரட்டைக் கோட்டில் ஒன்றை அழித்தேன். மெஷ்ஷை மறுபடி போட்டதும் 46 இருந்த இடத்தில் 7 ஆகிவிட்டது. ஒரு மென்பொருளும் இல்லாமல், ஒரு கோட்டை அழித்ததில் மட்டும் இவ்வளவு மாற்றம். மீதி ஏழும் கால்வாயும் ரோடும் கூர்மையாக வெட்டிக்கொள்ளும் இடங்களில் இருந்தன. மூலைவிட்டம் மாற்றுவதையும் ஸ்மூத்திங்கையும் மாறி மாறி ஓட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மிக மோசமானது 0.0115-லிருந்து 0.42-க்கு வந்தது. முக்கோணங்களின் மிகக் குறைந்த உயரம் 12 மீட்டர்.

டைம் ஸ்டெப் 1.2 வினாடி. காலை 10 மணிக்குத் தொடங்கினேன், மாலை 4 மணிக்கு மூன்று நாள் வெள்ளமும் முடிந்துவிட்டது. அதை நம்ப முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் ஆற்றுப்படுகையின் உராய்வு எண்ணை ஒருமுறை மாற்றிப் பார்க்கவே பயமாக இருக்கும், இரண்டு வாரம் போய்விடுமே என்று. இப்போது தினம் ஒரு மதிப்பு வைத்துப் பார்க்கலாம். இந்த மென்பொருளின் பெரிய பயனாக எனக்குத் தெரிவது இதுதான். தப்புச் செய்து பார்க்க நேரம் கிடைக்கிறது.

ஆனால் முடிவைத் திறந்து பார்த்தபோது வேறொரு தவறு தெரிந்தது. தென்கால் பக்கம் ஓரிடத்தில் கரை உடையாமலே தண்ணீர் வாழைக்குள் ஏறியிருந்தது, அதுவும் முதல் நாள் காலையிலேயே. அங்கே பெரிதாக்கிப் பார்த்தேன். கரையின் உச்சியில் இருந்த ஒரு புள்ளியை ஸ்மூத்திங் 6 மீட்டர் வயல் பக்கம் நகர்த்தியிருக்கிறது. முக்கோணம் அழகாகிவிட்டது. ஆனால் புது இடத்தில் உயரத்தை எடுத்தபோது கரையின் உயரம் வரவில்லை, வயலின் உயரம்தான் வந்தது. கரையில் 1.4 மீட்டர் பள்ளம் விழுந்துவிட்டது. வள்ளியூர் அண்ணன் தரையோர அடுக்கைப் பற்றி எழுதியதை நான் படித்திருந்தும், அது காற்றுக்கு, எனக்கில்லை என்று நினைத்துவிட்டேன். அந்த ஒரு நீளத்துக்குக் கரைக்கோட்டைப் பூட்ட மறந்திருக்கிறேன்.

எல்லாக் கரைக்கோடுகளையும் பூட்டி, மறுபடி சீராக்கினேன். மோசமானதன் மதிப்பு 0.42-லிருந்து 0.37-க்கு இறங்கியது. இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கரை கரையாக நிற்கிறது. முக்கோணங்களின் மிகக் குறைந்த உயரம் 11 மீட்டர், ஸ்டெப் 1.1 வினாடி, அரை மணி நேரம்தான் கூடுதல். இப்போது உள்ளே வந்த தண்ணீரும், கடலுக்குப் போனதும், வயலில் நிற்பதும் கூட்டிக் கழித்தால் பொருந்துகின்றன.

வி.கே.புரம் பழையவர்

0.42-ஐ விட்டுவிட்டு 0.37-ஐ எடுத்தாய் பார், அந்த இடத்தில் உன்னைப் பற்றி எனக்குச் சந்தோஷம். ஒன்று செய். பூட்டும் கோடுகளின் பட்டியலைத் தனி ஃபைலாக வைத்துக்கொள். சீராக்கிய பிறகு ஒவ்வொரு கரைக்கோட்டின் மேலும் உயரத்தை எடுத்து, பழைய சர்வே உயரத்தோடு கழித்து, ஒரு வரைபடமாகப் பார். அரை அடி வித்தியாசம் வந்தாலும் கண்ணில் பட்டுவிடும். ஒவ்வொரு முறை மெஷ் மாற்றும்போதும் இதைச் செய்.

பாளை ஆய்வு மாணவி

செய்கிறேன் அண்ணாச்சி. அடுத்தது, மாடல் காட்டும் நீர்மட்டத்தை உண்மையான நீர்மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். அணைக்கட்டுகளில் பதிவான அளவுகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஊர்களுக்குள் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அங்கே பதிவு இருக்காது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால், வீட்டுச் சுவரிலோ கோயில் மதிலிலோ வெள்ளம் நின்ற கறை இன்னும் தெரிகிறதா என்று சொல்லுங்கள். நானே வந்து அளந்துகொள்கிறேன்.

ஏரல் கடைக்காரர்

நான் இந்தத் துறை ஆள் இல்லை, மகன் காட்டித்தான் இதைப் படித்தேன். முக்கோணக் கணக்கு பாதி புரிந்தது. எங்கள் கடையின் பின்சுவரில் கறை அப்படியே இருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வந்தபோதுகூட அந்தச் சுவரை மட்டும் விடச் சொல்லிவிட்டேன். என் நெஞ்சுக்கு மேலே நிற்கும். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இருக்கிறது, நான் கேட்டு வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்துவிடுவேன். டேப்பை எடுத்துக்கொண்டு வாம்மா, சாப்பாடு எங்கள் வீட்டில்.